முப்பத்திரண்டும் பச்சை

தானே புயல் போன கையோடு கடலூரில் ஒரு மையம் தொடங்கினார்கள். பெயர், கடலோர எச்சரிக்கைத் தகவல் மையம். காற்று வருகிறது என்று சென்னையிலிருந்து செய்தி வந்தால் அதை மீனவ ஊர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. முப்பத்திரண்டு ஊர்களில் முப்பத்திரண்டு பெட்டிகள் வைத்தார்கள். பெட்டி என்றால் பிஸ்கட் டின் அளவு. உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், மேலே ஒரு சைரன், முகத்தில் இரண்டு விளக்குகள். சிவப்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. பச்சை மின்னினால் மையத்தோடு தொடர்பு இருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தார்கள்: 'பச்சை மின்னும்வரை கவலை வேண்டாம்.'

ஒன்பது மாதம் காற்று எதுவும் வரவில்லை. ஆகவே மையம் பச்சையைக் கவனித்துக்கொண்டிருந்தது.

அது சாதாரண வேலை இல்லை. ஊருக்கு ஒரு விளக்குக் காவலர் உண்டு. காலை பத்து மணிக்கு அவர் பெட்டியைப் பார்த்து, பச்சை என்று எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அதற்காக மையமே ஒரு போன் கொடுத்திருந்தது. அந்தப் போனில் எஸ்எம்எஸ் போகும். அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ எதுவும் உள்ளே வராது. அரசாங்கப் போனில் வெட்டிப் பேச்சு கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். வருகிற முப்பத்திரண்டு எஸ்எம்எஸ்களையும் கண்காணிப்பாளர் புஷ்பவள்ளி நோட்டில் எழுதுவார். பச்சை மையில் எழுதும் உரிமை பெரிய அதிகாரிக்கு மட்டும்தான் என்பதால் அவர் நீல மையில் பச்சை, பச்சை, பச்சை என்று முப்பத்திரண்டு முறை எழுதுவார். மாலையில் இணை இயக்குநர் ஞானசேகரன் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அது சென்னைக்குப் போகும். சென்னையிலிருந்து ஆகஸ்டில் ஒரு கேடயம் வந்தது.

சந்திரலேகா அந்த மையத்தில் தொழில்நுட்ப உதவியாளர். இயற்பியல் பட்டம், ஒரு வருட ஒப்பந்தம், டிசம்பரோடு முடிகிறது. தொழில்நுட்பம் என்று உத்தரவில் இருந்ததே தவிர, அவள் செய்தது துடைப்பு. உப்புக் காற்றில் பெட்டியின் முகம் மங்கிவிடும். மங்கினால் பச்சை தெரியாது. அதனால் ஒரு பை, ஒரு துணி, ஒரு ஸ்பிரிட் பாட்டிலோடு மாதம் ஒரு முறை முப்பத்திரண்டு ஊர்களுக்கும் பஸ்ஸில் போய்த் துடைத்துவிட்டு வருவாள்.

முத்தாண்டித்திட்டு அவளுடைய சொந்த ஊர். கிள்ளையில் இறங்கி நடக்க வேண்டும். அங்கே அவளுடைய அண்ணன் பூவரசன் இன்னும் மூன்று பேரோடு பங்குக்கு ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தான். அப்பா கடலில் போனவர், திரும்பவில்லை. அண்ணன்தான் அவளைப் படிக்க வைத்தவன்.

செப்டம்பரில் அந்த ஊர்ப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்பக்கத்து ஆன்டெனா ஒயர் அவள் கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு பச்சைக்களிம்பாகி உதிர்ந்தது. பல மாதங்களாகவே அது சும்மா ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தாள். ஆன்டெனா பூமியைப் பார்த்து வளைந்து கிடந்தது. அதில் ஒரு காக்கை கூடு கட்டிக் குடியும் வந்திருந்தது.

முகத்தில் பச்சை மின்னிக்கொண்டிருந்தது.

"என்னா லேகா, ஒயரு கையோட வந்துடுச்சா?" என்றாள் வேலம்மாள். அவள்தான் அந்த ஊர் விளக்குக் காவலர். கழுத்தில் மையத்துப் போனைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"ஆமா அத்தை."

"பச்சை மின்னுதே."

"அதான் பாக்குறேன்."

"மின்னுதுல்ல, உடு. பத்தாவப் போவுது, நான் மெசேஜ் போடணும்."

பத்து மணிக்கு முத்தாண்டித்திட்டு பச்சை என்று மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒயர் சந்திரலேகாவின் கையில் இருந்தது.

விளக்கு எதைப் பார்த்து மின்னுகிறது என்று பெட்டிக்கு யாரோ எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். இந்த மாதிரிப் பெட்டிகளில் வன்பொருள் விவரக் கோப்பு என்று ஒன்று இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள் என்னென்ன உறுப்பு இருக்கிறது, எது சிப்பின் எந்தக் கம்பிக் காலில் கட்டியிருக்கிறது என்று பெட்டிக்கே சொல்லும் கோப்பு அது. விளக்குக்கும் அதில் நாலைந்து வரி உண்டு. பெட்டியை விற்ற கம்பெனி அந்தக் கோப்பை ஒரு சிடியில் கொடுத்திருந்தது. சிடி சிதம்பரம் கிளை அலுவலகத்தின் ஸ்டோரில் இருந்தது.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நடனசபாபதி. இருப்புப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். 'வட்டத் தகடு, பளபளப்பானது, 1' என்று இருந்தது.

"இருக்கு," என்றார்.

"குடுங்க சார். ஒரு மணி நேரத்துல காப்பி பண்ணிட்டுத் தந்துடுறேன்."

"ஒனக்குக் குடுத்துட்டா ஸ்டாக்குல இல்லன்னு ஆயிடுமே."

"திருப்பித் தந்துடுவேன் சார்."

"தருவ. அந்த ஒரு மணி நேரத்துல ஆடிட் வந்தா?"

கடைசியில் அவர் தன் மேஜையிலேயே அவளை உட்காரவைத்து, சிடியை ஒரு விரலால் தொட்டபடியே அவளுடைய லேப்டாப்புக்குள் போட்டார். காப்பி ஆகி முடியும்வரை விரலை லேப்டாப்பின் விளிம்பிலிருந்து எடுக்கவில்லை.

அன்றைக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி அவள் கோப்பைத் திறந்து படித்தாள். பச்சை விளக்குக்கு நான்கு வரிகள். முதல் வரியில் பெயர்: தொடர்பு விளக்கு. அடுத்ததில் அது கட்டியிருக்கும் காலின் எண். கடைசி வரி, அந்த விளக்கு எதைப் பார்த்து மின்ன வேண்டும் என்பதற்கு. அங்கே நெட்வொர்க்கின் பெயர் இருந்திருக்க வேண்டும். ஹார்ட்பீட் என்று ஒரு சொல் இருந்தது. பெட்டிக்குள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து இதயம் மாதிரித் துடிப்பது. மையம் இருந்தாலும் துடிக்கும். மையத்தை இடித்துத் தரைமட்டமாக்கினாலும் துடிக்கும்.

அவள் புஷ்பவள்ளியிடம் போய்ச் சொன்னாள்.

"மேடம், அந்தப் பச்சை நெட்வொர்க்கப் பாத்து மின்னல."

"பின்ன எதப் பாத்து மின்னுது?"

"பெட்டி உயிரோட இருக்கான்னு பாத்து மின்னுது."

"உயிரோட இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"அப்புறம் என்னம்மா," என்றார் புஷ்பவள்ளி. இருபத்தேழாவது பச்சையை எழுதிக்கொண்டிருந்தார்.

சந்திரலேகா அதிகம் பேசுகிறவள் இல்லை. இரண்டாவது தடவை சொல்ல அவளுக்கு வரவில்லை. அக்டோபர் முழுவதும் துடைக்கப் போன ஊரிலெல்லாம் அவள் கூடவே இன்னொரு வேலையும் செய்தாள். அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, நெட்வொர்க்கைக் கவனி என்று பொருள்படும் சொல்லை எழுதினாள். பெட்டிக்குப் புரியும்படி கோப்பைத் திரும்பக் கட்டிப் பென் டிரைவில் வைத்திருந்தாள். பெட்டிக்கு அதை ஏற்ற ஐந்து நிமிடம், அணைத்துப் போட இரண்டு நிமிடம். எந்த ஊர், என்றைக்கு, யார் மாற்றியது என்று மையத்தின் பராமரிப்பு ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். படித்த பழக்கம்.

மாதக் கடைசியில் கணக்கு தெரிந்தது. ஒன்பது ஊர்களில் பச்சை மின்னியது. இருபத்து மூன்று ஊர்களில் விளக்கு செத்துக் கிடந்தது. அந்த இருபத்து மூன்று ஊர்களுக்கும் மையத்தோடு பல மாதமாக எந்தத் தொடர்பும் இல்லை. பல இடங்களில் ஆன்டெனா வளைந்திருந்தது, சிலவற்றில் ஒயர் போயிருந்தது, ஓர் ஊரில் ஆன்டெனாவே வைக்கவில்லை.

ஒவ்வொன்றாக விளக்கு அணைந்த ஊர்களுக்கும் அதுவரை பச்சை என்றே எழுதிவந்த புஷ்பவள்ளி, மறுநாள் காலை பத்து மணிக்கு வந்த எஸ்எம்எஸ்களைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தார். இருபத்து மூன்று கட்டங்களில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பச்சை என்பதைத் தவிர வேறு சொல் அந்தப் படிவத்தில் அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை.

ஞானசேகரன் கூட்டம் கூட்டினார். அவர் அறையில் மாவட்டத்தின் பெரிய வரைபடம் ஒன்று உண்டு, முப்பத்திரண்டு பச்சை பல்புகளோடு. அது ஒரே சுவிட்சில் எரிவது. அன்றைக்கும் முப்பத்திரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

"ஒரு நாள்ல இருபத்து மூணு ஊரு இருட்டாயிடுச்சு," என்றார். "தானே புயல்ல கூட இவ்ளோ சேதாரம் இல்ல. யாரு பண்ணது?"

சந்திரலேகா எழுந்து நின்றாள். "சார், அது முன்னாடியே இருட்டுதான். இப்பதான் தெரியுது."

"தெரியாம இருந்ததால யாருக்காவது கஷ்டம் இருந்துச்சா?"

அவர் எழுந்து போய் வரைபடத்தின் பக்கத்தில் நின்றார்.

"பாரும்மா. நெட்வொர்க்குங்கிறது வரும், போகும். நம்ம கையில இல்ல. விளக்கு நம்ம கையில இருக்கு. ஜனங்க காலையில எழுந்திரிச்சுப் பாக்குறாங்க, பச்சையா மின்னுது, மனசுக்குத் தெம்பா இருக்கு. கவர்மென்ட் நம்மள நெனைச்சிக்கிட்டு இருக்குன்னு ஒரு இது. அத எடுத்துட்டு நீ என்ன குடுத்த? உண்மையக் குடுத்த. உண்மைய வச்சிக்கிட்டு அவுங்க என்ன பண்ணுவாங்க?"

மாலைக்குள் குறிப்பாணை வந்தது. 'இருபத்து மூன்று விளக்குகளை அணைத்தமைக்கான காரணத்தை மூன்று தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.' காரணம் எழுத ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்.

ஒன்பது விளக்குகளாவது மிஞ்சின என்று அவள் நினைத்தாள். அதற்கு ஒரு குழு வந்தது. குழுவின் தலைவர் ஆலோசகர் தில்லைநாதன், சிதம்பரத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு ஸ்டாப் வாட்ச்சோடு ஜீப்பில் ஏறி அந்த ஒன்பது ஊர்களுக்கும் போனார். பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மின்னல் என்று எண்ணினார். முதல் நிமிடம் நாற்பத்தொன்று. அடுத்த நிமிடம் ஏழு. அதற்கடுத்து நூற்றுக்கு மேல், எண்ண முடியவில்லை.

"ஒழுங்கில்லாம மின்னுதும்மா," என்றார்.

"செய்தி போகும்போது மின்னும் சார். போகாதப்ப மின்னாது. அதனால அப்படித்தான் இருக்கும்."

"முன்னாடி எப்படி மின்னுச்சு?"

"ஒரே சீரா மின்னுச்சு சார். அது ஏன்னா..."

"எனக்கு ஏன் எதுக்குல்லாம் வேண்டாம். ஒரே சீரா மின்னுச்சு. இப்போ சீரா மின்னல. எழுதிக்கோங்க."

குழுவின் அறிக்கை மூன்று பக்கம். இருபத்து மூன்று விளக்குகள் முழுப் பழுது. ஒன்பது விளக்குகள் ஒழுங்கற்ற ஒளிர்வு. ஆக முப்பத்திரண்டில் முப்பத்திரண்டும் சேதம். சேதம் செய்தவர் ஒருவர்.

இதற்கிடையில் மையத்தின் இன்னொரு விதி விழித்துக்கொண்டது. எச்சரிக்கை போய்ச் சேராத ஊர்க்காரர்கள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் பச்சை மின்னாத ஊருக்கு மானிய டீசல் டோக்கன் கிடையாது. நல்ல விதிதான். எல்லா ஊரும் பச்சையாக இருந்த காலத்தில், யாருக்கும் தொந்தரவு வராது என்று தெரிந்து எழுதியது. இப்போது இருபத்து மூன்று ஊர்ப் படகுகள் கரையில் கிடந்தன. வஞ்சிரம் கிடைக்கிற பருவம். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அமைதியாக இருந்தது.

பதினேழாம் நாள் பூவரசன் அவளைப் பார்க்கக் கடலூர் வந்தான். மையத்து வாசலில் பைக் நிறுத்தும் இடத்தில் நின்று பேசினார்கள்.

"என்னா லேகா, நம்ம ஊரு விளக்க நீயே அணைச்சியாமே."

"அணைக்கலண்ணா. அதுக்குச் சேதியே வரல. ஆன்டெனா வளைஞ்சு கெடக்கு. ஒரு போல்ட்டு மாத்தி நிமுத்தி, புது ஒயர் போட்டா மின்னும்."

"போட வேண்டியதுதானே."

"கம்பம் வேற டிபார்ட்மென்ட். நான் ஏறக் கூடாதாம். எழுதிப் போட்டிருக்கேன்."

"எப்ப வரும்?"

"தெரியல."

அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான். "ஏதோ ஒரு சொல்ல மாத்தித்தான் அணைஞ்சுதாமே. அத பழையபடி மாத்திடு, மின்னும்ல."

"மின்னும். ஆனா காத்து வந்தா சைரன் அடிக்காதுண்ணா."

"இவ்ளோ நாளு எங்க அடிச்சுது? காத்து வந்தா எங்களுக்குத் தெரியாதா? ஊட்டுல அரிசி இல்லன்றது எந்த விளக்குலயும் தெரிய மாட்டேங்குது. அத மொதல்ல பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஊருல கேட்டா சரி பண்ணிட்டன்னே சொல்றேன். ஒனக்கும் பேரு."

"சரி பண்ணலியேண்ணா."

"யாரு ஏறிப் பாக்கப் போறா."

அதே வாரம் ஞானசேகரனும் கூப்பிட்டார். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வருகிறார். முப்பத்திரண்டும் பழையபடி சீராக மின்ன வேண்டும்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "சார், எழுத்துல ஒரு உத்தரவு குடுத்தீங்கன்னா..."

"எத்தன எழுத்து மாத்தணும்?"

"ஒரு சொல்லு சார்."

"ஒரு சொல்லுக்கு உத்தரவா? கம்பத்துல ஏறணும்னா உத்தரவு வேணும், டெண்டர் வேணும், இன்சூரன்ஸ் வேணும். கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது? சொல்ல மாத்துனா எவன் விழப் போறான்?" சிரித்தார். "டிசம்பர்ல ஒன் கான்ட்ராக்ட் முடியுதுல்ல? அந்த ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. நல்ல பொண்ணு நீ."

அவள் மாற்றினாள். எட்டு நாளில் முப்பத்திரண்டு ஊர்கள். ரிஜிஸ்டரில் ஊர், தேதி, மாற்றியவர் எல்லாம் எழுதினாள். உத்தரவிட்டவர் என்ற கட்டத்தில் 'வாய்மொழி' என்று எழுதினாள். புஷ்பவள்ளி அதை வெள்ளை மை வைத்து அழித்தார். அந்தக் கட்டத்தில் பெயர்தான் வரலாம், வாய்மொழி என்பது யாருடைய பெயரும் இல்லை என்றார்.

முத்தாண்டித்திட்டில் பச்சை மின்னிய அன்று வேலம்மாளின் புருஷன் தங்கராசு சந்தையில் வாங்கிவந்த வஞ்சிரத் துண்டு ஒன்றை அவளுக்கு வறுத்துக் கொடுக்கச் சொன்னார். "நம்ம ஊட்டுப் பொண்ணு தொட்டா பெட்டி பேசுது பாரு," என்றார். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். பூவரசன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

ஆய்வு நல்லபடி முடிந்தது. மின்னுவதை அதிகாரி தூரத்திலிருந்தே பாராட்டினார்.

நவம்பர் கடைசியில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தது. பெயர் வைக்கும் அளவுக்குப் பெரியதில்லை. பகல் பதினொன்று நாற்பதுக்குச் சென்னையிலிருந்து செய்தி: மாலை நான்கு மணி முதல் பலத்த காற்று, யாரும் கடலுக்குள் போக வேண்டாம். மையத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தொடங்கிய நாளிலிருந்து இதுதான் முதல் எச்சரிக்கை. ஞானசேகரன் கோட்டு போட்டுக்கொண்டு வந்து பொத்தானை அமுக்கினார். யாரோ போட்டோ எடுத்தார்கள். '32 ஊர்களுக்கு அனுப்பப்பட்டது' என்று திரையில் விழுந்தது.

முத்தாண்டித்திட்டுப் படகுகள் இரண்டு மணிக்குக் கிளம்பும். வலை போட்டுவிட்டு விடியலில் திரும்பும். சந்திரலேகா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார், இருபத்து மூணு ஊருக்குப் போயிருக்காது. காவலருங்க வீட்டு நம்பர் மேடம் நோட்டுல இருக்கு. போன் பண்ணிடலாம்."

"திரையப் பாரும்மா. முப்பத்திரண்டு."

"அது நாம அனுப்புனது சார். போய்ச் சேர்ந்தது இல்ல."

"நாம அனுப்புறவங்க. அதோட நம்ம வேல முடிஞ்சுது." ஞானசேகரன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். "பெட்டி மூலமா வந்தா அது எச்சரிக்கை. போன்ல சொன்னா அது வதந்தி. வதந்தி பரப்புனா கேஸ் இருக்கு, தெரியுமா? அதுவும் இல்லாம, நாமளே போன் பண்ணா பெட்டி வேலை செய்யலன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். கேடயம் வாங்குன ஆபீஸ் இது."

நோட்டு புஷ்பவள்ளியின் டிராயரில் இருந்தது. புஷ்பவள்ளி சாவியோடு சாப்பிடப் போயிருந்தார். சந்திரலேகாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இரண்டே எண்கள். வேலம்மாளிடம் மையத்துப் போன்தான் இருந்தது. அதற்குள் எந்த அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நுழையாது. மற்றது பூவரசன். அவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். நாலாவது தடவையில், ஒன்று இருபதுக்கு எடுத்தான். பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது.

"ண்ணா, காத்து வருது. நாலு மணிக்கு. யாரும் போவாதீங்க."

"வானம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கு. பெட்டி ஒண்ணும் சொல்லலியே."

"பெட்டி சொல்லாதுண்ணா. ஒனக்குத் தெரியும்ல."

அந்தப் பக்கம் ஐஸ் உடைப்பது மட்டும் கேட்டது.

"ண்ணா, ஊருக்குச் சொல்லிடு. பச்சை பொய்ன்னு சொல்லிடு. நான்தான் மாத்துனேன்னு சொல்லு, பரவால்ல."

"சரி சரி, வையி. நான் பாத்துக்குறேன்," என்றான்.

மற்ற ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்து அன்றைக்கு நின்றுவிட்டார்கள். முத்தாண்டித்திட்டிலும் மற்ற நாளாக இருந்தால் நின்றிருப்பார்கள். ஆனால் மூன்று வாரம் சும்மா கிடந்தவர்கள், சொந்த ஊர்ப் பெண்ணே சரிசெய்த பெட்டி வேறு பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. ஒரு படகு போனது. தங்கராசும் அவரோடு தொழில் செய்யும் கண்ணாயிரமும் போனார்கள். படகு மூன்றாம் நாள் கவிழ்ந்தபடி பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கியது. தங்கராசு கிடைத்தார். கண்ணாயிரம் கிடைக்கவில்லை.

இரண்டு உயிர் போனதால் விசாரணை வைத்தார்கள். விசாரித்தவர் தில்லைநாதன். சம்பவ நேரத்தில் முத்தாண்டித்திட்டு விளக்கு எப்படி மின்னியது என்று முதலில் கேட்டார். ஒரே சீராக மின்னியது என்று வேலம்மாள் சொன்னாள். வெள்ளைப் புடவையில் வந்திருந்தாள். எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து ரிஜிஸ்டரைப் பிரித்தார்கள். மையத்தில் எந்தக் காரியத்துக்கும் எந்தக் காகிதத்திலும் யாருடைய பெயரும் இல்லை. பெட்டி வாங்கியவர், ஆன்டெனா வைத்தவர், வைத்ததைச் சரிபார்த்தவர், ஒருவர் பெயரும் இல்லை. இரண்டே இரண்டு பக்கங்களில் மட்டும் ஊர், தேதி, மாற்றியவர் என்று முத்து முத்தான கையெழுத்தில் பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரிகள் இருந்தன. தில்லைநாதன் அதில் கடைசிப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். "அரசாங்கத்துல எழுதி வைக்கணும்னு நான் ஏன் சொல்றேன்னா, இதுக்குத்தான்," என்றார்.

சாட்சியாகப் பூவரசனைக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் பச்சை விளக்க மின்ன வச்சது யாரு?"

அவன் சந்திரலேகாவைப் பார்க்கவில்லை. "என் தங்கச்சி."

"யாரு சொல்லிப் பண்ணாங்க?"

ஞானசேகரன் இருமினார். பூவரசன் தலை குனிந்தான். தில்லைநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார். "யாரு சொன்னாங்கன்றது நம்ம விசாரணையில வராது. என்ன நடந்துச்சுன்றதுதான் வேணும். நீங்க உக்காரலாம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதை சந்திரலேகா பார்த்தாள்.

இரண்டாவது குறிப்பாணை அவளுக்குக் கையிலேயே கொடுக்கப்பட்டது. 'விளக்குகளை எரியவிட்டமைக்கான காரணத்தை மூன்று தினங்களுக்குள்.' மூன்று தினங்கள் முடியுமுன்பே பணிநீக்க உத்தரவும் வந்தது. பென் டிரைவை ஒப்படைக்கச் சொன்னார்கள். சிதம்பரத்திலிருந்து நடனசபாபதி வந்து வாங்கிக்கொண்டார். ஒரு கவரில் போட்டு, அரக்கு வைத்து, பதிவேட்டில் 'குச்சி, சிறியது, 1' என்று எழுதினார். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் மையத்தில் இனி யாரும் இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பூவரசன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தான். இரண்டு டீ வாங்கினான். அவளுடைய டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு ஊருக்குச் சொன்னியாண்ணா?" என்று கேட்டாள்.

"சொன்னேன். காத்து வருது, போவாதீங்கன்னு சொன்னேன். தங்கராசு மாமா, பெட்டி பச்சையா மின்னுதேடான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

அவன் டம்ளரைச் சுற்றினான். "சரி பண்ணிட்டன்னு ஊருக்கே நான்தானே சொல்லியிருக்கேன். எப்படி மாத்திச் சொல்றது? எனக்கு வயித்து வலின்னு சொல்லிட்டு எங்க படகு ஆளுங்களையும் நிறுத்திட்டேன். மாமா, நீ படு மாப்ளே, நாங்க போய்ட்டு வந்துடுறோம்னாரு."

கிள்ளை வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கத்த ஆரம்பித்தார். பூவரசன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான்.

"அந்தக் குச்சிய அவுங்ககிட்டக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"இனிமே அந்த விளக்க வேற யாரும் அணைக்க முடியாதுல்ல?"

"ஏன் கேக்குற?"

"வேலம்மா அத்தைதான் கேட்டுக்கினு வரச் சொல்லுச்சு," என்றான். "திங்கக்கிழமையிலேர்ந்து அவுங்க மருமவன் தொழிலுக்குப் போறாரு. டோக்கன் வேணும்ல."

"முடியாதுண்ணா," என்றாள் சந்திரலேகா. "யாராலயும் முடியாது."

அவன் முகம் தெளிந்தது. உள்ளே போய் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டான்.